முதுகுநாணின் எச்சமும் புரோட்டான் கற்றையும்: ரெட் ஹில்ஸ் முதல் கச்சிபௌலி வரை

ஐதராபாத் நகரின் ரெட் ஹில்ஸ் பகுதியில் 1955ஆம் ஆண்டு ஒரு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. பிற்காலத்தில் குஜராத் மாநிலத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்ற மெஹ்தி நவாஸ் ஜங்கின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம், தன் பெயரிலேயே 'ரேடியம் இன்ஸ்டிடியூட்' என்ற தொடரையும் கொண்டிருந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 2024இல், அதே நகரின் மேற்குப் புறத்தில் கச்சிபௌலியிலுள்ள ஏ.ஐ.ஜி. மருத்துவமனை, புரோட்டான் சிகிச்சைக் கருவியொன்றை நிறுவவிருப்பதாக அறிவித்தது. முன்னது அரசு மருத்துவமனை. பின்னது தனியார் மருத்துவமனை. முன்னதன் காலத்தில் கதிர் என்பது ஊசிகளிலும் குழாய்களிலும் அடைக்கப்பட்ட ரேடியம். பின்னதில் அது ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு விரைவில் பாயும் அணுக்கருத் துகள்.

இவ்விரு நிகழ்வுகளையும் கருவிகளின் படிப்படியான முன்னேற்றமாக வாசிப்பது வழக்கம். அவ்வாசிப்பு ஒரு வினாவை மறைத்துவிடுகிறது. புரோட்டானால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கலாம் என்னும் கருத்து 1946இலேயே அச்சேறிவிட்டது. தென்னிந்தியாவில் முதல் புரோட்டான் மையம் திறக்கப்பட்டதோ 2019இல். இடைப்பட்ட 73 ஆண்டுகளில் நடந்தது என்ன? இதற்கு விடை தேடும்போது, இத்தொழில்நுட்பத்திற்கு மருத்துவ நியாயம் வழங்கியது மிக அரிதான ஒரு கட்டி என்பதும், அக்கட்டியால் இத்தொழில்நுட்பத்தின் செலவை ஒருபோதும் தாங்க முடியாது என்பதும் தெரியவருகின்றன. ஐதராபாத்தின் முன்னுள்ள சிக்கலும் இதுவே.

1. கருவறைக் காலத்தின் எச்சம்

பள்ளி உயிரியல் பாடத்தில் 'முதுகுநாணிகள்' என்னும் தொகுதியைப் படிக்காத மாணவர் இல்லை. மனிதக் கருவில் முதுகெலும்பு உருவாவதற்கு முன் அதன் அச்சாக நிற்கும் மெல்லிய தண்டே முதுகுநாண். எலும்பு வளர வளர அது மறைகிறது. அதன் மிச்சம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவே தங்குகிறது. சிலரிடம் அதன் சிறு துணுக்குகள் அச்சின் இரு முனைகளிலும், அதாவது மண்டையோட்டின் அடித்தளத்திலும் இடுப்பின் பின்புறமுள்ள திருவெலும்பிலும், எஞ்சிவிடுகின்றன. பல பத்தாண்டுகள் கழித்து அத்துணுக்கு கட்டியாக வளரத் தொடங்கினால் அதற்குக் கார்டோமா என்று பெயர்.

நவீன நோய்க்குறியியலின் தந்தையெனப் போற்றப்படும் ருடால்ஃப் ஃபிர்கோ, 1857இல் இக்கட்டியின் செல்களை விவரித்தார். உள்ளே குமிழிகள் நிறைந்த அச்செல்களுக்குக் குமிழி தாங்கிகள் என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். ஆனால் அவை குருத்தெலும்பிலிருந்து தோன்றியவை என்றே கருதினார். மறு ஆண்டே ஹைன்ரிச் மியூலர், அவை முதுகுநாணின் எச்சங்களாக இருக்கலாம் என்று எழுதினார். 1894இல் ஹியூகோ ரிப்பர்ட் இட்ட 'கார்டோமா' என்னும் பெயர் மியூலரின் பக்கமே நின்றது. முதுகுநாண் உருவாக்கத்திற்கு இன்றியமையாத பிராக்கியூரி என்னும் புரதம் கார்டோமாச் செல்களிலும் வெளிப்படுவது 2006இல் நிறுவப்பட்டபோது, ஒன்றரை நூற்றாண்டு விவாதம் முடிவுக்கு வந்தது. அந்தப் புரதமே இன்று கார்டோமாவை அதன் அண்டை நோயான குருத்தெலும்புப் புற்றிலிருந்து பிரித்தறிய உதவுகிறது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி கார்டோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. மண்டை அடித்தளம், முதுகெலும்பு, திருவெலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் அது காணப்படுகிறது. மெதுவாக வளரும்; பெரும்பாலும் தொலைவிடங்களுக்குப் பரவுவதற்கு முன் முளைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் தலைதூக்கும். ஆகவே அந்த இடத்தில் அதை அடக்குவதே சிகிச்சையின் முதற் குறிக்கோள்.

இடமே இந்நோயின் கொடுமையும்கூட. மண்டை அடித்தளத்தில் கார்டோமா முளைக்கும் கிளைவஸ் என்னும் சரிவான எலும்பின் பின்னால் சில மில்லிமீட்டர் தொலைவில் மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டு இருக்கிறது. முன்புறமும் மேற்புறமும் பார்வை நரம்புகள். இரு பக்கங்களிலும் கழுத்துத் தமனிகள். கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் மண்டை நரம்பு அவ்வெலும்பையொட்டியே செல்வதால், பலருக்கு முதல் அறிகுறி இரட்டைப் பார்வையாகத் தோன்றுகிறது. மூக்கின் வழியே உள்நோக்கியைச் செலுத்தி இக்கட்டியை அகற்றும் அறுவை நுட்பம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும் வேரோடு களைவது பலரிடம் இயலாது. எஞ்சியதைக் கதிரால் அழிக்க வேண்டும்.

இங்குதான் கணக்கு முட்டுகிறது. கார்டோமாவை அடக்க 70 கிரேக்கு மேற்பட்ட கதிர் அளவு தேவை. மூளைத்தண்டோ பார்வை நரம்போ தாங்கும் எல்லை ஏறத்தாழ 54 முதல் 60 கிரே வரை. கொல்ல வேண்டியதற்கும் காக்க வேண்டியதற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு விரல் அகலம்கூட இல்லை. எக்ஸ் கதிரை நம்பியிருந்த காலத்தில் மருத்துவர்கள் 50 கிரேயை ஒட்டியே நின்றுவிட்டனர். கட்டியும் திரும்பி வந்தது.

2. நின்றுவிடும் கதிர்

எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்து, தோலுக்குச் சற்றுக் கீழே உச்ச அளவை அளித்து, படிப்படியாகக் குறைந்து, மறுபுறம் வெளியேறுகிறது. மின்னூட்டமுள்ள துகளின் இயல்பு வேறு. அது வேகமாகச் செல்லும்போது குறைந்த ஆற்றலையும், வேகம் தணியத் தணிய மிகுந்த ஆற்றலையும் இழக்கிறது. இறுதியில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி பிராக், 1904ஆம் ஆண்டையொட்டி ஆல்ஃபா துகள்களில் இதைக் கண்டறிந்தார். பாதையின் முடிவில் எழும் அவ்வுச்சி இன்றும் 'பிராக் முகடு' என்றே வழங்குகிறது.

அம்முகட்டை மருத்துவத்துடன் இணைத்தவர் ராபர்ட் வில்சன். போர்க்காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய அவர், போர் முடிந்தபின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்காகப் புதிய சைக்ளோட்ரான் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார். அத்தறுவாயில், உயர் ஆற்றல் புரோட்டான்கள் உடலினுள் எவ்வளவு ஆழம் செல்லும் என்று கணக்கிட்டு, 1946இல் கதிரியல் ஆய்விதழொன்றில் கட்டுரை வெளியிட்டார். ஆற்றலை மாற்றுவதன் மூலம் முகட்டை எந்த ஆழத்திலும் நிறுத்தலாம், அதற்கு அப்பால் கதிர் ஏறக்குறைய இராது என்பதே அதன் சாரம்.

1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிகள் புரோட்டான் கற்றையைப் பெற்றனர். குறி பிட்யூட்டரிச் சுரப்பி. பரவிய மார்பகப் புற்றின் வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீரை நிறுத்துவதே நோக்கம். இங்கே ஒரு முரண் உண்டு: அவர்கள் பிராக் முகட்டைப் பயன்படுத்தவில்லை. கற்றை தலையின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறியது; பல திசைகளிலிருந்து செலுத்தப்பட்ட கற்றைகள் சுரப்பியில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. முகட்டை எங்கே நிறுத்துவது என்பதை அறிய, வழியிலுள்ள எலும்பு, திசு, காற்றறை ஆகியவற்றின் அடர்த்தியை மில்லிமீட்டர் அளவில் அறிந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் கருவி அன்று உலகில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்த பிறகே அது கைகூடியது. வில்சனின் கருத்து காத்திருந்ததற்கு முதற்காரணம் இதுதான்.

3. கைவிடப்படவிருந்த ஆய்வகம்

1949இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு சைக்ளோட்ரான் இயற்பியலாளர்களுக்காகக் கட்டப்பட்டது. ஆற்றல்மிக்க முடுக்கிகள் பிற இடங்களில் எழுந்தபோது அதன் பயன் மங்கியது. 1961 முதல் நரம்பியல் அறுவை மருத்துவர் ரேமண்ட் கெல்பெர்க் அங்கே பிட்யூட்டரி நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். 1967இல் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிதி நின்றது. மூடப்படவிருந்த அந்தப் பழைய கருவியை நிலைநிறுத்தியது மருத்துவப் பணியே.

1974இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஹெர்மன் சூட்டும் இயற்பியலாளர் மைக்கேல் கொய்ட்டைனும், சிறு சிறு தவணைகளாகப் புரோட்டான் அளிக்கும் திட்டத்தை அங்கே தொடங்கினர். மண்டை அடித்தளக் கட்டிகளை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. 160 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கற்றை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் ஆழமே செல்லும்; தலைக்கு அது போதும், வயிற்றுக்குப் போதாது. கற்றை கிடைமட்டமாக மட்டுமே வந்தது. தலையை அசையாமல் பொருத்துவது எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நோய்க்கு வேறு நல்ல வழி இல்லை. கருவியின் குறைபாடும் நோயின் கொடுமையும் ஒன்றையொன்று தேர்ந்துகொண்டன.

ஜான் மன்சன்ரைடரும் நார்பர்ட் லீப்ஷும் 1999இல் வெளியிட்ட தொகுப்பில், மண்டை அடித்தளக் குருத்தெலும்புப் புற்று உடையோரில் பத்தாண்டு முடிவில் 94 விழுக்காட்டினரிடம் நோய் அதே இடத்தில் திரும்பவில்லை. கார்டோமாவில் அது ஐந்தாண்டில் 73, பத்தாண்டில் 54 விழுக்காடு. முன்னைய அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது பெருந்தாவல். ஆயினும் பத்தாண்டில் பாதிப்பேரிடம் கட்டி திரும்பியது என்பதும் அதே எண்ணின் மறுபக்கம்.

1990இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், மருத்துவமனை வளாகத்திற்குள்ளேயே அமைந்த முதல் புரோட்டான் மையம் திறக்கப்பட்டது. அதன் முடுக்கியை உருவாக்கிய ஃபெர்மி ஆய்வகத்தை நிறுவியவரும் அதே வில்சன்தான். 1996இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம், மெல்லிய கற்றையைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக் கட்டியின் வடிவத்தையே 'வரையும்' முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. இன்றைய மையங்கள் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகின்றன.

4. இந்தியாவின் இரு தனித்தனிப் பாதைகள்

முடுக்கி இயற்பியலில் இந்தியா பிந்தி வந்த நாடு அன்று. மேகநாத் சாகாவின் முயற்சியால் 1940களின் தொடக்கத்திலேயே பெர்க்லி வழியில் ஒரு சைக்ளோட்ரான் கல்கத்தாவில் உருவாகத் தொடங்கியது. அங்கே லாரன்ஸிடம் பயின்ற பி. டி. நாக்சௌதுரி அதற்குப் பொறுப்பேற்றார். காந்தம் வந்து சேர்ந்தது, வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கியது, பணி நீண்டது. 1977இல் கல்கத்தாவில் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் முதல் கற்றையை அளித்தது. ஆனால் ஆழ்ந்த கட்டியை எட்ட ஏறத்தாழ 230 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கல்கத்தாவின் கருவிகள் அணுக்கரு ஆய்வுக்காகவும், பின்னாளில் மருத்துவ ஐசோடோப்புகளுக்காகவும் அமைந்தவை.

கதிர் மருத்துவம் வேறொரு பாதையில் சென்றது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1950களின் பிற்பகுதியிலேயே கோபால்ட்-60 கருவியைப் பெற்றது. ஐதராபாத்தின் ரெட் ஹில்ஸ் நிறுவனமும் அதே தலைமுறையைச் சேர்ந்தது. இம்மருத்துவமனைகளின் வாயிலில் நின்ற கூட்டம் கருப்பைவாய்ப் புற்றும் வாய்ப் புற்றும் உடையோர். பெரும்பாலோர் முற்றிய நிலையில் வந்த ஏழைகள். அவர்களுக்குக் கோபால்ட்டும் ரேடியமும் உடனடித் தேவை. பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் கட்டியைப் பற்றிச் சிந்திக்க அவற்றுக்கு இடமில்லை. அதைக் குறையெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

முடுக்கி அறிந்தோர் கல்கத்தாவில், நோயாளியை அறிந்தோர் சென்னையிலும் ஐதராபாத்திலும் என இரு உலகங்கள் அடுத்தடுத்து இயங்கின. ஹார்வர்டில் ஆய்வகமும் மருத்துவமனையும் ஒரு ஆற்றின் இரு கரைகளில் இருந்ததால் நேர்ந்த சந்திப்பு இங்கே நேரவில்லை. வசதியுள்ள இந்திய நோயாளிகள் கடல் கடந்தனர். மற்றோர் கிடைத்த கதிரைப் பெற்றனர்.

5. தரமணி

2013இல் அப்போலோ மருத்துவமனைக் குழுமம் பெல்ஜியத்தின் ஐ.பி.ஏ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 2019 ஜனவரி 25 அன்று சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்தை அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு திறந்துவைத்தார். தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் அது. மூன்று சிகிச்சை அறைகளுக்கு ஒரே சைக்ளோட்ரான். அதன் எடை ஏறத்தாழ 220 டன். நோயாளியைச் சுற்றிச் சுழன்று எத்திசையிலிருந்தும் கற்றையைச் செலுத்தும் கேன்ட்ரி என்னும் எஃகு அமைப்பு ஏறக்குறைய மூன்று மாடி உயரம். ஹார்வர்டு நோயாளிகள் கற்றைக்கேற்பத் தலையைத் திருப்பினர். தரமணியில் கற்றை நோயாளிக்கேற்பத் திரும்புகிறது.

கருவி வந்துவிட்டதால் கணக்கு முழுதும் தீர்ந்துவிடவில்லை. கற்றை எங்கே நிற்கும் என்பதைக் கணிப்பதில் மூன்று விழுக்காடு அளவுக்கு ஐயம் எப்போதும் உண்டு. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அது மூன்று மில்லிமீட்டர். கிளைவஸுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் அவ்வளவே இருக்கலாம். ஆகவே நிற்கும் முனையை மூளைத்தண்டை நோக்கி நேரே குறிவைப்பதைத் திட்டமிடுவோர் தவிர்த்து, பக்கவாட்டிலிருந்து கற்றையைச் செலுத்துகின்றனர். புரோட்டானின் தலைசிறந்த பண்பை, அது மிகவும் தேவைப்படும் இடத்தில் அரைகுறையாகவே பயன்படுத்த முடிகிறது.

நோயாளியின் தரப்பில் கணக்கு இன்னும் எளியது. நாளுக்கு 2 கிரே வீதம் 74 கிரேக்கு 37 அமர்வுகள். வாரம் ஐந்து நாள் எனில் ஏழரை வாரம். ஐதராபாத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வேற்று மொழி வழங்கும் நகரில், துணைக்கு ஒருவருடன் இரண்டு மாதம் தங்க வேண்டும். மருத்துவக் கட்டணம் தொடங்குவதற்கு முன்பே இச்செலவு தொடங்கிவிடுகிறது. 2023இல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் டாடா நினைவு மையம் நவி மும்பையின் கார்கரில் தன் புரோட்டான் பிரிவில் சிகிச்சையைத் தொடங்கியபோது, பொதுத்துறைக்கும் இக்கதிர் வந்து சேர்ந்தது. தொலைவு மட்டும் குறையவில்லை.

6. முப்பது பேரும் ஓர் அறையும்

கச்சிபௌலிக்கென அறிவிக்கப்பட்டது, மீக்கடத்துக் காந்தத்தால் சுருங்கிய, ஒரே அறை கொண்ட வடிவம். தொலைவுச் சிக்கலை அது தீர்க்கக்கூடும். எண்ணிக்கைச் சிக்கலைத் தீர்க்காது.

2011 கணக்கெடுப்பின்படி இன்றைய தெலங்கானாப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அமெரிக்க விகிதம் இங்கும் பொருந்துமாயின், ஆண்டுக்குக் கார்டோமா நோயாளிகள் முப்பது பேர் அளவில் இருப்பர். மண்டை அடித்தளத்தில் பத்துப் பேர். ஒற்றை அறை மையமோ ஆண்டுக்குச் சில நூறு பேரைக் கண்டால்தான் முதலீடு மீளும். எஞ்சிய இடங்களை எவர் நிரப்புவர்? குழந்தைகளின் மூளைக்கட்டிகள் போன்று மருத்துவ நியாயம் வலுவாக உள்ள நோய்கள் சில உண்டு. ஆனால் அமெரிக்காவில் இடங்களைப் பெருமளவில் நிரப்பியது புரோஸ்டேட் புற்று. அந்நோயில் 450 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது: நவீன எக்ஸ் கதிர் சிகிச்சைக்கும் புரோட்டானுக்கும் இடையே குடல் சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

கார்டோமாவில் அத்தகைய ஒப்பீட்டாய்வு எக்ஸ் கதிருக்கும் புரோட்டானுக்கும் இடையே நடந்ததே இல்லை. நோயாளிகள் மிகக் குறைவு. மேலும், குறைந்த கதிர் அளவுடைய பிரிவில் ஒருவரைச் சேர்ப்பது அறமாகாது என்று சூட், கொய்ட்டைன் முதலியோர் வாதிட்டனர். மறுதரப்பினரோ, சான்றில்லாமல் விலையுயர்ந்த தொழில்நுட்பத்தைப் பரப்புவதும் அறமன்று என்றனர். இவ்விவாதத்தில் இரு தரப்பும் வெவ்வேறு நோய்களை மனத்திற்கொண்டு பேசின என்பது பின்னோக்கிப் பார்க்கையில் விளங்குகிறது. அரிய கட்டிக்கு உரிய வாதம், பொதுவான கட்டிக்கும் அனுமதிச்சீட்டாகப் பயன்பட்டுவிட்டது.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதற்குப் பிரிட்டன் சான்று. அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை, சொந்தமாக உயர் ஆற்றல் மையம் இல்லாத காலத்தில், 2008 முதல் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் பட்டியல் வகுத்து, நோயாளிகளைப் பொதுச் செலவில் அமெரிக்காவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அனுப்பியது. மண்டை அடித்தளக் கார்டோமாவும் குருத்தெலும்புப் புற்றும் அப்பட்டியலில் இருந்தன. மான்செஸ்டரில் கருவி இயங்கியது 2018இல்தான். பட்டியல் முதலில், கருவி பின்னர். இந்தியாவில் வரிசை தலைகீழாக அமைந்தது: கருவி வந்துவிட்டது, பட்டியல் வரவில்லை.

ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, ஏழைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அரசு பணம் செலுத்தும் முறையை இந்தியாவுக்கே முன்மாதிரியாக்கியது. தனியார் கருவியைப் பொதுப் பணத்தில் பயன்படுத்தும் நிர்வாக அனுபவம் ஐதராபாத்துக்குப் புதிதன்று. ஆண்டுக்கு முப்பது பேர் என்பது ஒரு மாநில அரசு அஞ்சத்தக்க எண்ணிக்கையும் அன்று. ரெட் ஹில்ஸில் நோய் கண்டறியப்படும் ஒருவர், கச்சிபௌலியின் அறைக்குள் எந்த விதியின்படி, எவர் பரிந்துரையால், எவர் செலவில் நுழைவார் என்பது கருவி நிறுவப்படுவதற்கு முன்பே எழுதப்பட வேண்டிய ஆவணம். எழுதப்படாவிடில், எந்த நோயின் பெயரால் இத்தொழில்நுட்பம் பிழைத்ததோ அந்த நோயாளிகள், அதே நகரத்தில் இருந்துகொண்டே, 1974க்கு முந்தைய சிகிச்சையைப் பெறும் நிலை தொடரும்.